எங்கள் வீடு வசதியாக இருந்த நாள்

வறுமையை வெறும் வருமானத்தை வைத்து அளக்கக் கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். போன மாதம் கணக்கெடுக்க வந்த பெண் அதை எனக்கு மிகவும் பொறுமையாக விளக்கினாள். சமைப்பது எதில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தரை சிமெண்டா மண்ணா, வீட்டில் படித்தவர்கள் யார் யார் என்று வரிசையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே என் வீட்டைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அறுபதுகளின் தொடக்கத்தில், இதே முறையில், என்னை ஒரு தடவை அளந்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீடு ஊரிலேயே வசதியான வீடாக இருந்தது. அரை நாள் அப்படி இருந்தது.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி போகிற வழியில், மலைக்கு முன்னால் கிடக்கும் சமவெளியில் இருந்தது. அப்பா பிறத்தியார் நிலத்தை விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்துக் கத்தரியும் சின்ன வெங்காயமும் போட்டார். மழை பெய்த வருஷம் வெங்காயத்துக்கு விலை இருக்காது. விலை இருந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் இருக்காது. இரண்டும் சேர்ந்து இருந்த ஒரு வருஷத்தில் நான் பிறந்ததாக அம்மா சொல்வாள். என்னைப் பெருமைப்படுத்துவதற்காக அல்ல. அந்த வருஷத்தைப் பற்றிப் பேசும்போது நானும் அதில் வந்துவிடுவேன், அவ்வளவுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். எட்டு முடித்த பெண்ணுக்கும் அதோடு எல்லாம் முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் திண்டுக்கல் போக வேண்டும். ஊருக்கு வருகிற பஸ் தனக்குத் தோன்றின நேரத்தில் வரும், தோன்றாத நாளில் வராது. திண்டுக்கல்லில் பெண்களுக்கு ஓர் இலவச விடுதி இருந்தது. அதில் எங்கள் ஊருக்கு ஒரே ஓர் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். அப்போது உலகத்தில் வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக் காட்டுக்குக் காய் பறிக்கப் போவேன், இரண்டு மூன்று வருஷத்தில் என் அக்காவைப் போல ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலோ வந்து நிற்பேன்.

ஒரே இடம் என்பதால், ஊரில் யார் மிகவும் ஏழை என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முந்தின வருஷங்களில் வருமானம் கேட்டுப் பார்த்தார்கள். ஊரில் யாருக்குமே வருமானம் இல்லை. மாடி வைத்த வீடு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று உண்டு. மச்சு வீடு என்போம். தென்னந்தோப்பும் பம்புசெட்டும் வைத்திருந்த அந்த மச்சு வீட்டுக்காரருக்கும் வருமானம் இல்லை. அவர் அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்ததாகக் கேள்வி. எனவே இந்த வருஷம் புதுமுறை. வருமானத்தைக் கேட்கப் போவதில்லை, வீட்டுக்குள்ளே வந்து என்ன இருக்கிறது, என்ன தின்கிறார்கள், எதில் படுக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்கள். பிளாக் ஆபீசிலிருந்து அடுத்த வாரம் வருவார்கள் என்று எங்கள் வாத்தியார் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்றுமில்லாததில் எங்கள் வீட்டை யாரும் ஜெயிக்க முடியாது என்று நம்பினேன்.

தெருவில் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. வைக்கோல் போருக்குள் எதை ஒளிப்பது, எந்தப் பாத்திரத்தை எந்தக் கிணற்றில் இறக்குவது என்று பேச்சு நடந்தது. எல்லாம் அடுத்த வாரத்துக்கான ஏற்பாடு. இந்த வாரம் தெருவுக்கு வேறு வேலை இருந்தது. புதன்கிழமை என் அக்காவைப் பெண் பார்க்கக் கொடைரோடு பக்கத்திலிருந்து வருகிறார்கள்.

பெண் பார்க்க வருகிற நாளில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தெருவே தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்து பெண் வீட்டில் வைத்துவிடும். கேட்க வேண்டியதில்லை. கேட்பதுதான் மரியாதைக் குறைவு. விடிந்ததும் ஒருத்தி அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள், இன்னொருத்தி தவலையையும் குத்துவிளக்கையும் கொண்டுவருவாள். எங்கள் வீட்டுக்கு அன்று அப்படி வந்தவற்றுக்குக் கணக்கு இல்லை. மச்சு வீட்டிலிருந்து கட்டில் வந்தது, நாற்காலிகள் வந்தன, சுவர்க் கடிகாரம் வந்தது. அந்த வீட்டுப் பெரியம்மாவே முன்னால் நின்று ஆள் வைத்து அனுப்பினாள். கணவர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். அதனால் அவளுக்குக் கை இன்னும் தாராளமாக இருந்தது. ஒரு பெரிய தகரப் பெட்டியையும் கொடுத்து அதற்கு ஒரு திண்டுக்கல் பூட்டும் போட்டு அனுப்பினாள். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. நகர்த்தினால் லேசாக இருக்குமே என்று அம்மா உள்ளே செங்கல் அடுக்கினாள்.

ஒரே ஒரு சங்கடம். எங்கள் பக்கத்தில் பித்தளைப் பாத்திரம் வாங்கினால் அதில் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். வாய் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு எழுத்து இருக்கிற பக்கத்தைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு பாத்திரத்தையும் அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள். வைத்து முடித்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அத்தனையும் தன்னுடையதாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பாள்.

மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஆண்கள் நாற்காலியிலும் கட்டிலிலும் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்காரவில்லை. கனத்த சரீரம், காதில் பாம்படம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போனாள். கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் விறகைப் பார்த்தாள். அடுப்புச் சாம்பலைப் பார்த்தாள். எங்கள் ஆட்டைக்கூட ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வந்து தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். பெட்டி அசையவில்லை. அம்மா மூச்சு விட்டாள்.

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது.

அடுத்த வாரம் வர வேண்டியவர்கள். ஜீப் இந்த வாரம் சும்மா இருந்ததாம், அடுத்த வாரம் கலெக்டர் ஆபீசுக்குத் தேவைப்படுமாம். ஆகவே ஏழைகளை இந்த வாரமே பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு பேர் இறங்கினார்கள். கண்ணாடி போட்ட மூத்தவர் கேட்பார், இளையவர் எழுதுவார். பெண்கள் விடுதி இடத்துக்காக வந்திருக்கிறோம், வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாடிக்காரர் வாசலிலேயே உரக்கச் சொன்னார்.

அம்மா ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, செத்த நேரம் கழிச்சு வாங்கய்யா. விருந்தாளுக வந்திருக்காக."

"ஜீப் மத்தியானம் திரும்பணும்மா. அவங்க பாட்டுக்கு இருக்கட்டும், நாங்க பாட்டுக்குக் கேட்டுட்டுப் போயிடறோம்" என்றார் அவர்.

பெட்டிமேல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா கைகாட்டி அவரை உள்ளே அழைத்தாள். "வாங்கய்யா, வந்து கேளுங்க. நாங்களும் அதத்தான் கேக்க வந்திருக்கோம். நீங்க கேட்டா எங்களுக்கு வேலை மிச்சம்."

அம்மாவுக்கு ஒரே வாய்தான் இருந்தது. அதிலிருந்து வருகிற ஒரே பதில் இரண்டு பேருக்கும் போய்ச் சேரும். ஒருவரிடம் இல்லை என்று சொன்னால்தான் எனக்குப் பள்ளிக்கூடம். இன்னொருவரிடம் இருக்கிறது என்று சொன்னால்தான் அக்காவுக்குக் கல்யாணம். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம், காப்பித் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தாள். கடைசியாக அவள் பார்த்தது அக்காவை என்பதால் எனக்குப் பதில் தெரிந்துபோயிற்று.

"கட்டில் உங்களுதாம்மா?"

"எங்களுதுதான்."

"கடிகாரம்?"

"அதுவும்தான்."

இளையவர் எழுதினார். கண்ணாடிக்காரர் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார், தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மச்சு வீட்டிலிருந்து தூக்கி வந்ததில் அது வழியிலேயே நின்றுபோயிருந்தது. அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, ஓடுகிறதா என்று கேள்வி இல்லை.

"வாரத்தில் எத்தனை நாள் நெல்லுச்சோறு சமைப்பீங்க?"

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்பது உண்மை. மற்ற நாளில் கம்பும் சோளமும்தான். "தெனமும்தான்" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்து, "ராத்திரிக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"வெஞ்சனம்?"

"ரெண்டு வகை வைப்போம். பிள்ளைகளுக்கு ஒரு வகை மட்டும் வச்சா எறங்காது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டில் எங்களுது என்று சொன்னது சரி. அது கண்முன்னே கிடக்கிறது, வேறு வழியில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இந்த இரண்டாவது வெஞ்சனத்தை யார் கேட்டார்கள்? அம்மாவுக்குப் பேச்சில் ருசி கண்டுவிட்டது. பல வருஷமாகச் சமைக்க முடியாமல் போனதையெல்லாம் வாயாலேயே சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காப்பியா டீயா என்று அவர் கேட்டதற்கு, காலையில் காப்பி, சாயங்காலம் டீ என்றாள். அக்காவின் கையிலிருந்த தட்டில் இருந்த காப்பிக்குப் போட்ட தூள்கூட மச்சு வீட்டுப் பெரியம்மா கொடுத்ததுதான். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவரும் இத்தனை நாள் இந்த வீட்டில்தான் இருந்தோமா என்று யோசிப்பது போலத் தெரிந்தது.

"வீட்டில் யாருக்கெல்லாம் செருப்பு இருக்கு?"

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது. அம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "எல்லாருக்கும் இருக்கு. வெளியே விட்டிருக்கோம்."

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. இளையவர் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார். தங்கள் செருப்பு அரசாங்கக் கணக்கில் எங்கள் செருப்பாக ஏறிக்கொண்டிருப்பதை அந்த ஆண்கள் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கவனித்தாளா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் புறப்படும்போது அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னார். "இவ்வளவு வசதி இருக்கே, நீங்களே உங்க பொண்ணைச் செலவு பண்ணிப் படிக்க வைக்கலாமே அம்மா. ஏழைப் பிள்ளை யாராவது அந்த இடத்துக்குப் போகட்டும்."

அம்மா தலையை ஆட்டினாள். நான் அடுப்படிக்குள் போய், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த அண்டாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஜீப் அங்கிருந்து நேரே மச்சு வீட்டுக்குப் போயிற்று. அந்த வருஷம் எட்டு முடித்த பெண் அங்கேயும் ஒருத்தி இருந்தாள். அங்கே கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, கடிகாரம் இருந்த இடத்தில் ஓர் ஆணிதான் இருந்தது. அடுப்படியில் மண்சட்டிகள். பெரியம்மா தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாமான் அனுப்பிய களைப்பு. மாடி வீட்டுக்குள் இப்படி ஒரு வெறுமையைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்கு மனசு கரைந்துவிட்டதாம். வாழ்ந்து கெட்ட குடும்பம் என்று தாமே முடிவு செய்துகொண்டார். பிறவி ஏழைக்குப் பழகியிருக்கும், இப்படி நொடித்துப் போனவர்கள் பாடுதான் கஷ்டம் என்று இளையவரிடம் சொன்னாராம். இதையெல்லாம் பெரியம்மாவே பின்னால் எங்களிடம் சொன்னாள். நீங்கள் மறுத்துச் சொல்லவில்லையா என்று அம்மா கேட்டதற்கு, "அந்த மனுசன் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நிக்கிறாரு. எப்படிடி சொல்ல?" என்றாள்.

சந்தையிலிருந்து திரும்பிய மச்சு வீட்டுக்காரர் தெருவே கேட்கச் சத்தம் போட்டார். தன் வீட்டை ஏழை வீடு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய மானக்கேடு. பட்டியலில் தன் மகள் பெயர் வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. சும்மா கிடைக்கிற இடத்தை விடுவானேன் என்று பெட்டி, படுக்கை, முறுக்கு டப்பா சகிதம் அவளை விடுதிக்கு அனுப்பிவைத்தார்.

நான் அழவில்லை. அம்மாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கத்தரிக் காட்டுக்குப் போவேன், பொழுது சாய வருவேன். அவள் சோறு போட்டால் சாப்பிடுவேன். ரெண்டு வகை வெஞ்சனம் எங்கே என்று ஒரே ஒரு நாள் கேட்டேன். அவள் தன் கஞ்சியில் இருந்த வெங்காயத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போது எனக்கிருந்த கோபத்துக்கு அது போதாது.

அக்காவின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதற்குள் மச்சு வீட்டுப் பெண் விடுதியிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அங்கே போடுகிற கோதுமைக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லையாம். நல்ல பெண்தான், என்மேல் பிரியமுள்ளவள். என்னிடம் வந்து, அந்தச் சாப்பாட்டை மனுஷர் சாப்பிட முடியாது, நீ போகாமல் தப்பித்தாய் என்று ஆறுதல் சொன்னாள். நான் அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்திகள் வந்தார்கள். பந்தி முடிந்து, கொல்லையில் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். சம்பந்தியம்மா எங்கள் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு இருந்த அண்டா தவலையெல்லாம் எங்க மதினி? மேய்ச்சலுக்குப் போயிருக்கா?"

சம்பந்தியம்மா சிரித்தாள். "ஏனத்துல பேர் வெட்டுனா எல்லாரும் பாக்கணும்னு முன்னால வைப்பாக. ஒரு வீட்டுல அம்புட்டுப் பேரும் செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தா எவளுக்குத் தெரியாது? எம் மகளப் பாக்க வந்தப்ப வாடகைக்கு எடுத்து நானும் அப்படித்தானே வச்சேன்."

"தெரிஞ்சேவா சரின்னீக?"

"தெரிஞ்சுதான். இம்புட்டு ஏனத்தையும் நம்பிக் குடுக்க உங்களுக்குத் தெருவு இருக்கு. எங்க ஊர்ல எனக்கு ஒரு சல்லடை கேட்டாக் குடுக்க ஆளில்ல. நமக்கு இந்த வீடு பரவாயில்லன்னு நெனச்சேன்."

அம்மா கழுவின கையை மறுபடியும் கழுவினாள். "அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட எல்லாம் இரவல்னு நான் சொல்லியிருந்தா, எந்திரிச்சுப் போயிருப்பீகளா?"

"எங்கிட்டுப் போக? காப்பி வேற கலந்துட்டீக" என்றாள் சம்பந்தியம்மா.

அவள் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. கல்யாணம் முடிந்து மருமகள் வீட்டுக்கு வந்த பிறகு பெருந்தன்மையாகப் பேசுவது சுலபம். அன்றைக்கே அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் காப்பியைக் குடித்துவிட்டு, போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பியிருக்கவும் கூடும். ஆனால் அம்மா அதை நம்பினாள். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் படிப்பைக் கொடுத்து அவள் வாங்கினது சும்மாவே கிடைத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடியுமுன் என்னை எழுப்பினாள். "கெளம்பு. அந்தப் பிள்ளை விட்டுட்டு வந்த எடம் சும்மாத்தானே கெடக்கு. போய்க் கேப்போம்."

எழுந்து பார்த்தால், அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். சின்னாளப்பட்டிச் செயற்கைப் பட்டு கூட இல்லை, அசல் பட்டு, அரக்குக் கலர். காதில் சிவப்புக்கல் தோடு. எல்லாம் மச்சு வீட்டுப் பெரியம்மா கொடுத்தது. தன் மகள் வேண்டாம் என்று விட்டுவந்த ஏழை இடத்தைக் கேட்கப் போகிறவளுக்கு அவளேதான் கொசுவம் வைத்துக் கட்டியும் விட்டிருந்தாள். எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப் போகிறோம், இதைக் கட்டிக்கொண்டா போவது என்று நான் கேட்டேன். அந்த வெஞ்சனக் கேள்விக்கு அப்புறம் மாதக்கணக்கில் பேசாதிருந்துவிட்டு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அம்மாவுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "ஆபீசுக்குப் போறோம்டி. கந்தலக் கட்டிட்டுப் போனா உள்ள விடுவானா?" என்றாள். பஸ்ஸில் இடம் இருந்தும், பட்டு கசங்கிவிடும் என்று திண்டுக்கல் வரை நின்றுகொண்டே வந்தாள்.

விடுதி வார்டன் அம்மாள் வயதானவர், கதர்ச்சேலை. மூக்குக் கண்ணாடியை இறக்கி அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டன் ஒரு காகிதக் கட்டை எடுத்து, எங்கள் வீட்டுத் தாளைத் தேடி வாசித்தார். கட்டில், நாற்காலி, கடிகாரம், தினமும் நெல்லுச்சோறு, எல்லோருக்கும் செருப்பு.

"என் வீட்டில் கூடக் கடிகாரம் கிடையாதும்மா" என்றார்.

"இப்ப எதுவும் இல்லங்க."

"வித்துட்டீங்களா?"

"விக்கிறதாவது. நாங்க எதையும் விக்கிற ஆளுக இல்ல."

"அப்போ அதெல்லாம் அடுத்தவங்க பொருளா? இரவல் வாங்கி வச்சிருந்தீங்களா? அப்படின்னா சொல்லுங்க, எழுதிக்கிறேன். இடம் இருக்கு."

இடம் இருக்கு என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். அம்மாவும் கேட்டாள். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க யாருகிட்டயும் இரவல் வாங்குறது இல்லங்க" என்றாள்.

வார்டன் காகிதக் கட்டை மூடப் போனார். நான் சொல்லிவிட்டேன். "எல்லாம் இரவல்தான் டீச்சர். அந்தக் கட்டிலும் இரவல், கடிகாரமும் இரவல். இப்ப எங்கம்மா கட்டியிருக்கிற சேலையும் இரவல்தான். தோடும்."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கை மட்டும் மெதுவாக மேலே போய்க் காதுத் தோட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது. வார்டன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேறெங்கும் பார்க்காமல் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து அதை வாசித்துக் காட்டினார். எங்கள் வீட்டில் சொந்தமாக எந்தப் பொருளும் இல்லை என்று அதில் இருந்தது.

"அம்மி எங்களுது" என்றாள் அம்மா. "அத எழுதுங்க."

"அம்மிக்கு இதில் இடம் இல்லையேம்மா" என்றார் வார்டன், தன்மையாகத்தான் சொன்னார். மைப்பெட்டியைத் திறந்து முன்னால் நகர்த்தினார்.

அம்மா பெருவிரலை மையில் வைத்து, காட்டின இடத்தில் அழுத்தினாள். எனக்குப் படிப்பு கிடைத்துவிட்டது. கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்து வைத்திருந்த எதுவும் அப்போது என்னிடம் வரவில்லை.

விரலைத் துடைக்க அம்மா சேலைத் தலைப்பைத் தூக்கினாள். பாதியில் நிறுத்தி, பட்டில் மை படாமல் கையை விலக்கிக்கொண்டாள். பிறகு என்னைத் தோளைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, குனிந்து, என் பாவாடையில் விரலைத் துடைத்தாள். மை போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.